83 என்று சொன்ன பார்ட்டிஷன்

அண்ணன் மூன்று ஹார்ட் டிஸ்க்குகளைப் பழைய துண்டு ஒன்றில் சுற்றி எடுத்து வந்தார். இரண்டு 1 டெராபைட், ஒன்று 500 ஜிகாபைட். அவருடைய பழைய லினக்ஸ் கணினியின் மதர்போர்டு செயலிழந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளாக விடியும் முன் எழுந்து போய் அவர் பதிவு செய்த பறவைக் குரல்கள் முழுவதும் அந்த மூன்றுக்குள்தான் இருந்தன.

"கடவுச்சொல் நன்றாக நினைவிருக்கிறது, தம்பி. ரெய்டு போட்டேன், குறியாக்கமும் செய்தேன். எதன் மேல் எதை வைத்தேன் என்பதுதான் நினைவில் இல்லை" என்றார்.

ரெய்டு என்பது பல டிஸ்க்குகளை இணைத்து ஒன்றுபோல நடத்துவது; குறியாக்கம் என்பது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி தரவை மாற்றி எழுதுவது. கடவுச்சொல் இருக்கும்போது மற்றவை எளிது என்று தோன்றும். ஆனால் வகை தெரியாத டிஸ்க்கில் கடவுச்சொல்லை எங்கே கொடுப்பது? தவறான அடுக்கில் கொடுத்தாலும் சில சமயம் கதவு திறந்துவிடும். திறப்பது வேறு வீடாக இருக்கலாம். இந்த வேலையில் நான் மிகவும் அஞ்சியது அதற்குத்தான்.

டிஸ்க்குகளைப் பொருத்துவதற்கு முன்பே ஒரு வேலை இருந்தது. இன்றைய லினக்ஸில் ரெய்டு உறுப்பு ஒன்று இணைக்கப்பட்டவுடன், புதிய சாதனங்களைக் கவனிக்கும் யுடெவ் விதிகள் அதைத் தாமாகவே சேர்த்து இயக்கப் பார்க்கும். இயங்கத் தொடங்கினால், ரெய்டின் விவரங்களைத் தாங்கும் சூப்பர்பிளாக்கில் எழுத்து நடக்கும். ஆகவே ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஅட்ம் நிரலின் அமைப்புக் கோப்பில் தானியங்கிச் சேர்க்கையை முழுவதுமாக நிறுத்தினேன். டெஸ்க்டாப் தானாக மவுண்ட் செய்வதையும் அணைத்தேன். பிறகு ஒவ்வொரு டிஸ்க்கையும் இணைத்து, பழுதான டிஸ்க்கையும் படியெடுக்கும் டிடிரெஸ்கியூ கொண்டு முழுப் படிமம் (பைட்டுக்குப் பைட் நகல்) எடுத்தேன். முதல் டிஸ்க்கும் மூன்றாவதும் குறையின்றி வந்தன. இரண்டாவதில் சில இடங்கள் படிக்கப்படவில்லை. முதல் சுற்றில் கடினமான இடங்களைத் தாண்டிப் போகும்படிதான் சொல்லியிருந்தேன். அசல் டிஸ்க்குகளைத் துண்டிலேயே மறுபடி சுற்றி வைத்துவிட்டு, படிமக் கோப்புகளை டிஸ்க் போலக் காட்டும், வாசிக்க மட்டுமான லூப் சாதனங்களாக இணைத்து வேலையைத் தொடங்கினேன்.

முதலில் பார்ட்டிஷன் அட்டவணை, அதாவது டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல். எஃப்டிஸ்க் கட்டளை காட்டியது இது: முதல் டிஸ்க்கில் இரண்டு பார்ட்டிஷன்கள், சிறியது 83 வகை, பெரியது எஃப்டி வகை. இரண்டாவது டிஸ்க்கிலும் அதே அளவில் இரண்டு, ஆனால் இரண்டுமே 83. மூன்றாவதில் அட்டவணையே இல்லை.

83 என்றால் சாதாரண லினக்ஸ், எஃப்டி என்றால் லினக்ஸ் ரெய்டு. 8ஈ எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பகுதிகளாகப் பங்கிடும் அடுக்கு), 82 ஸ்வாப், 42 விண்டோஸின் டைனமிக் டிஸ்க், ஈ8 லக்ஸ் (லினக்ஸின் குறியாக்க வடிவம்). பழைய எம்பிஆர் அட்டவணையில் இது ஒரே ஒரு பைட். டிஸ்க்கின் முதல் செக்டரில் (512 பைட் கொண்ட துண்டு) 446ஆம் பைட்டிலிருந்து ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் பதிவு இருக்கும். அதில் ஐந்தாவது பைட்தான் வகை. ஆக, முதல் பார்ட்டிஷனின் வகை 450இல், இரண்டாவதன் வகை 466இல். அந்தப் பைட்டை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். உள்ளே இருக்கும் தரவு அதனால் துளியும் மாறாது. குடி போனவர் கழற்ற மறந்த பெயர்ப்பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப்டி பைட்டை லினக்ஸின் மையமான கெர்னல் தானாகப் பார்த்துச் சேர்த்த காலம் ஒன்று உண்டு. அதுவும் 0.90 என்ற பழைய வடிவ ரெய்டு மெட்டாடேட்டாவுக்கு (விவரப் பதிவுக்கு) மட்டும்தான் நடந்தது.

எனவே அட்டவணையைக் குறித்துக்கொண்டு, உள்ளே பார்க்கப் போனேன். உள்ளே இருப்பது எந்த வகை என்று சொல்லும் பிஎல்கேஐடி கட்டளையை, சேமித்து வைத்த பழைய தகவலை நம்பாமல் சாதனத்தையே நேரடியாகச் சோதிக்கும் முறையில் இயக்கினேன். முதல் டிஸ்க்கின் பெரிய பார்ட்டிஷன் லினக்ஸ் ரெய்டு உறுப்பு என்று வந்தது. இரண்டாவதன் பெரிய பார்ட்டிஷன் லக்ஸ் என்று வந்தது.

ஒரு டிஸ்க் ரெய்டு, இன்னொன்று தனியான குறியாக்கம். அட்டவணை சொன்னதோடும் ஒத்துப்போனது: எஃப்டி ரெய்டாக, 83 தனியாக. அண்ணனும் "ஒன்றைத் தனியாகப் பயன்படுத்தினேனோ என்னவோ" என்றார். கடவுச்சொல்லைத் தட்டியிருந்தால் இரண்டாவது டிஸ்க் அப்போதே திறந்திருக்கும்.

தட்டுவதற்கு முன் இரண்டு டிஸ்க்கின் தொடக்கத்தையும், பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும் ஹெக்ஸ்டம்ப்பில் பார்ப்போம் என்று நினைத்தேன். லக்ஸ் பார்ட்டிஷனின் முதல் ஆறு பைட்டுகளை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்: 4சி 55 4பி 53 பிஏ பிஈ. முதல் நான்கு பைட்டுகள் லக்ஸின் பெயரே. இந்த ஆறுக்குப் பின் வரும் இரண்டு பைட்டுகள் பதிப்பு எண், 00 01 அல்லது 00 02. பதிப்பு 1 எனில் 8ஆம் பைட்டிலிருந்து குறியாக்க முறையின் பெயரும், 40இலிருந்து அதன் இயங்குமுறையும், 72இலிருந்து ஹாஷ் பெயரும் வெறும் எழுத்தாகவே கிடக்கும். 168இல் யுயுஐடி, அதாவது அதற்கே உரிய அடையாள எண். பதிப்பு 2இல் யுயுஐடி அதே இடத்தில்தான். மற்ற விவரங்கள் 4096ஆம் பைட்டுக்குப் பிறகு ஜேசன் வடிவில் வாசிக்கும்படி இருக்கும்.

இரண்டாவது டிஸ்க்கில் அந்த ஆறு பைட்டுகள் இருந்தன, பதிப்பு 1. முதல் டிஸ்க்கிலும் இருந்தன! ரெய்டு உறுப்பு என்று பிஎல்கேஐடி சொன்ன அதே பார்ட்டிஷனின் முதல் செக்டரில், அதே பதிப்பு, 168இல் எழுத்துக்கு எழுத்து அதே யுயுஐடி.

இங்கேதான் எழுந்து நின்றேன். லக்ஸ் யுயுஐடி உருவாக்கும் வேளையில் தற்செயலாக எடுக்கப்படும் எண். இரண்டு பார்ட்டிஷன்களில் ஒன்றே இருக்கிறது என்றால் ஒன்று மற்றதன் நகல். அப்படியானால் இரண்டாவது டிஸ்க்கும், ஒரே தரவை இரண்டு டிஸ்க்குகளிலும் எழுதும் ரெய்டு 1இன் உறுப்பு. அதை நிரூபிக்கும் சூப்பர்பிளாக் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

லினக்ஸ் ரெய்டான எம்டியின் சூப்பர்பிளாக் எங்கே இருக்கும் என்பது வடிவத்தைப் பொறுத்தது. 1.1 எனில் தொடக்கத்திலேயே, 1.2 எனில் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி. இந்த இரண்டிலும் உள்ளிருக்கும் தரவு பின்னால் தள்ளப்படும். முதல் செக்டரில் லக்ஸ் தெரியாது. 1.0 வடிவமும் பழைய 0.90 வடிவமும் சூப்பர்பிளாக்கைக் கடைசியில் வைப்பவை. அதனால் ரெய்டு 1இல் ஒவ்வொரு உறுப்பும் தொடக்கத்திலிருந்து பார்த்தால் ரெய்டே இல்லாதது போலத் தோற்றம் தரும். கணினியைத் தொடங்கி வைக்கும் பூட் லோடருக்கு அது வசதி. ஆராய வருபவனுக்கு அதுவே பொறி. அண்ணனின் சிறிய பார்ட்டிஷன்கள் பூட்டுக்கானவை. அவற்றுக்காக 1.0 தேர்ந்தெடுத்தவர் பெரியதற்கும் அதையே கொடுத்திருக்கிறார் என்று ஊகித்தேன்.

ஊகத்தைச் சரிபார்க்கக் கணக்கு போதும். பெரிய பார்ட்டிஷனின் அளவு 195,14,25,968 செக்டர்கள். 1.0 வடிவத்துக்கு அதிலிருந்து 16ஐக் கழித்து, 8இன் மடங்காகக் கீழே இறக்க வேண்டும்: 195,14,25,952. அதாவது முடிவிலிருந்து 8 கிலோபைட் முன்னால். 0.90 எனில் அளவை 128இன் மடங்காக இறக்கி, மேலும் 128ஐக் கழிக்க வேண்டும்: 195,14,25,792, முடிவிலிருந்து 88 கிலோபைட். முதல் டிஸ்க்கில் முதல் எண்ணுக்குரிய செக்டரைப் படித்தேன்:

எஃப்சி 4ஈ 2பி ஏ9 01 00 00 00

எம்டியின் அடையாள எண் அதுதான், சிறிய பைட் முன்னால் வரும் வரிசையில். அடுத்த 01 பெரும்பதிப்பு 1 என்கிறது. 32ஆம் பைட்டிலிருந்து அண்ணனின் பழைய கணினிப் பெயரும் ஒரு முக்காற்புள்ளியும் 1 என்ற எண்ணும். 72இல் 01 00 00 00, ரெய்டு நிலை 1. 92இல் 02 00 00 00, இரண்டு டிஸ்க்குகள். எம்டிஅட்ம் கட்டளையின் எக்ஸாமின் விருப்பம் இதையெல்லாம் அழகாக வரிசைப்படுத்திச் சொல்லும். ஆனாலும் ஒருமுறை பைட்டுகளாகவே பார்த்தால் பிறகு அந்தக் கட்டளை சொல்வது எங்கிருந்து வருகிறது என்ற தெளிவு கிடைக்கும். 144இல் சூப்பர்பிளாக் தன் சொந்த இருப்பிடத்தையும் எழுதி வைத்திருக்கிறது. இது சிறிய விஷயமாகத் தெரியலாம். இந்தப் பார்ட்டிஷன் டிஸ்க்கின் கடைசி செக்டர் வரை போவதால், முழு டிஸ்க்குக்கான கணக்கைப் போட்டாலும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கும். ரெய்டு பார்ட்டிஷனிலா, முழு டிஸ்க்கிலா என்ற குழப்பத்தை அந்த ஒரு எண் தீர்க்கிறது. 0.90 வடிவத்தில் அப்படி ஓர் எண் இல்லை. அங்கே ஒரே சூப்பர்பிளாக் இரண்டுக்கும் உரியதாகக் காட்டிக்கொள்ளும்.

இரண்டாவது டிஸ்க்கில் அதே இடம் முழுவதும் சுழியங்கள். டிடிரெஸ்கியூவின் வரைபடக் கோப்பைத் திறந்தேன். படிக்கப்படாத இடங்களில் ஒன்று டிஸ்க்கின் கடைசி 64 செக்டர்கள். சூப்பர்பிளாக் அதற்குள்தான் மாட்டியிருந்தது. படிமத்தில் அது வெறும் பள்ளமாக விடப்பட்டதால், பிஎல்கேஐடி கண்ணுக்கு லக்ஸ் மட்டும் தெரிந்திருக்கிறது. அசல் டிஸ்க்கை மறுபடி இணைத்து, அந்தத் துண்டை மட்டும் பின்னிருந்து முன்னாக மூன்று முறை முயலச் சொன்னேன். இரண்டாவது முயற்சியில் வந்துவிட்டது. இப்போது பிஎல்கேஐடி இரண்டையும் ரெய்டு உறுப்பு என்றது. வைப்எஃப்எஸ் கட்டளை ஒவ்வொன்றிலும் இரண்டு அடையாளங்களையும் பட்டியலிட்டது: தொடக்கத்தில் லக்ஸ், கடைசியில் ரெய்டு. (வைப்எஃப்எஸ் கட்டளையை எந்த விருப்பமும் கொடுக்காமல் இயக்கினால் பட்டியல் மட்டும் காட்டும். விருப்பம் ஒன்றைத் தவறிச் சேர்த்தால் அந்த அடையாளங்களை அழித்துவிடும். வாசிக்க மட்டுமான சாதனத்தில்தான் அதை இயக்குவேன்.)

சூப்பர்பிளாக் கிடைத்ததால்தான் அடுத்த உண்மை வெளியே வந்தது. எக்ஸாமின் முடிவில் நிகழ்வு எண்ணிக்கை என்று ஒரு வரி இருக்கும். முதல் டிஸ்க்கில் 48213, இரண்டாவதில் 47960. கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நாளில் இரண்டுக்கும் ஏழு மாத வேறுபாடு. முதல் டிஸ்க்கின் நிலை வரி ஏ என்ற எழுத்தும் ஒரு புள்ளியும்: நான் இருக்கிறேன், துணை போய்விட்டது. இரண்டாவதன் வரியில் ஏஏ. தான் வெளியேற்றப்பட்டதே தெரியாமல் இருவரும் நலம் என்று எழுதி வைத்த நாளிலேயே அது நின்றுவிட்டது.

இரண்டாவது டிஸ்க்கைத் தனி லக்ஸ் என்று நம்பித் திறந்திருந்தால் ஒரு பிழைச் செய்தியும் வந்திருக்காது. கோப்புகள் எல்லாம் சரியாகத் திறந்திருக்கும். கடைசி ஏழு மாதப் பதிவுகள் மட்டும் இருந்திருக்காது. அண்ணன் கேட்டுப் பார்த்துச் சொல்லும்வரை எனக்குத் தெரிந்தும் இருக்காது.

இதன் பிறகு சேர்ப்பது அதிக நேரம் எடுக்கவில்லை. முதல் டிஸ்க்கின் படிமத்தின் மேல் டிவைஸ் மேப்பரின் ஸ்னாப்ஷாட் அடுக்கு ஒன்றைப் போட்டேன். யாராவது எழுத முயன்றால் எழுத்து வேறொரு கோப்புக்குப் போய்விடும், படிமம் தொடப்படாது. அந்த அடுக்கை ஒற்றை உறுப்பாகக் கொண்டு, வாசிக்க மட்டுமாக ரெய்டை இயக்கினேன். அதன் மேல் குறியாக்கத்தைத் திறக்கும் கிரிப்ட்செட்டப், அதுவும் வாசிக்க மட்டும். அண்ணன் வந்து கடவுச்சொல்லைத் தட்டினார். முதல் முறை எழுத்துப் பிழை. இந்தக் கடவுச்சொல்லுக்குச் சாவி இல்லை என்று லக்ஸ் மறுத்தது. இரண்டாம் முறை திறந்தது. உள்ளே இரண்டாவது செக்டரில் எல்விஎம்மின் லேபிள்ஒன் என்ற அடையாளம். அதற்குள் வேர்ப் பகுதி, வீட்டுப் பகுதி என்று இரண்டு இஎக்ஸ்டி4 கோப்பு முறைமைகள். எதுவும் எழுதப்படாதபடி, ஜர்னலை ஓட்டாமல் மவுண்ட் செய்தோம். ஆண்டு வாரியாகக் கோப்புறைகள் வரிசையாக நின்றன. அண்ணன் கடைசி ஆண்டின் கோப்புறையைத்தான் முதலில் திறந்தார்.

மூன்றாவது டிஸ்க் எஞ்சியிருந்தது. பிஎல்கேஐடி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. லக்ஸ் பைட்டுகள் இல்லை, மூன்றாம் பைட்டில் தொடங்கும், விண்டோஸ் குறியாக்கமான பிட்லாக்கரின் எஃப்விஈ அடையாளமும் இல்லை, எம்டி அடையாள எண் எந்த இடத்திலும் இல்லை. முதல் 100 மெகாபைட்டை ஜிஜிப்பில் சுருக்கினால் ஒரு பைட்கூடக் குறையவில்லை, சற்றே கூடியது. அதாவது தற்செயலான எண்கள் போலவே தோன்றும் தரவு.

இப்படிப்பட்ட டிஸ்க்கைப் பார்த்தவுடன் "குறியாக்கம் செய்யப்பட்டது" என்று முடிவு கட்டுவதை நான் ஏற்பதில்லை. அழிப்பதற்காகத் தற்செயல் எண்களால் நிரப்பப்பட்ட டிஸ்க்கும் இப்படித்தான் இருக்கும். ஹெட்டர் (தொடக்கத்தில் இருக்கும் விவரப் பகுதி) இல்லாத சாதாரண டிஎம்-கிரிப்ட் குறியாக்கம், வெராகிரிப்ட் நிரலின் குறியாக்கம், ஹெட்டரை வேறு இடத்தில் வைத்த லக்ஸ் எல்லாமே வெளியிலிருந்து ஒரே முகம். ஆனால் முகம் ஒன்றாக இருந்தாலும் கால்தடம் வேறு. டிஸ்க் முழுவதையும் ஒரு மெகாபைட் துண்டுகளாகப் பிரித்து, எது முழுச் சுழியம், எது இல்லை என்று ஒரு சிறிய நிரலால் பட்டியல் எடுத்தேன்.

ஏறத்தாழ முதல் பாதி முழுக்க நிரம்பியிருந்தது. பின்பாதியில் நீண்ட சுழியப் பரப்புகள். அழிக்கப்பட்ட டிஸ்க் என்ற ஐயம் அங்கேயே தீர்ந்தது. அழிப்பவர் பாதியில் சுழியங்களை விட்டு வைக்கமாட்டார். கடைசி 128 கிலோபைட்டும் சுழியம். வெராகிரிப்ட் தன் ஹெட்டரின் மாற்றுப் பிரதியை அந்த இடத்தில்தான் வைக்கும், ஆகவே அதுவும் விலகியது.

பின்பாதியின் சுழியக் கடலில் சில தீவுகள் இருந்தன. சில 2 ஜிகாபைட் இடைவெளியில் ஒழுங்காக வந்தன. அந்த ஒழுங்குக்குள் வராத மூன்று மட்டும் தனித்து நின்றன: ஒன்று சரியாக 279936ஆவது மெகாபைட்டில், அடுத்தது 307328ஆவது மெகாபைட்டில், மற்றது 400000ஆவது மெகாபைட்டில் தொடங்கின. 128ஆல் வகுத்தால் 2187, 2401, 3125. மூன்றின் ஏழாம் அடுக்கும் ஏழின் நான்காம் அடுக்கும் ஐந்தின் ஐந்தாம் அடுக்கும்! இஎக்ஸ்டி4 தன் இடத்தைத் தொகுதிகளாகப் பிரித்துக்கொள்ளும்; தன் சொந்தச் சூப்பர்பிளாக்கின் (ரெய்டினுடையது அல்ல) மாற்றுப் பிரதிகளை எல்லாத் தொகுதிகளிலும் வைப்பதில்லை. 3, 5, 7 ஆகியவற்றின் அடுக்குகளாக வரும் தொகுதிகளில் மட்டும் வைக்கும். 4 கிலோபைட் பிளாக் எனில் ஒரு தொகுதி 128 மெகாபைட். குறியாக்கம் எழுத்துகளை மறைத்துவிட்டது; அவை எழுதப்பட்ட இடங்களை மறைக்கவில்லை.

இன்னொன்றும் அந்தத் தீவுகள் சொல்லின. அவை மடங்கிலிருந்து ஒரு பைட்கூட விலகவில்லை. முன்னால் லக்ஸ் ஹெட்டர் இருந்திருந்தால் அதன் அளவுக்கு எல்லாமே தள்ளிப் போயிருக்கும். ஆக, தரவு டிஸ்க்கின் முதல் செக்டரிலேயே தொடங்குகிறது. ஹெட்டர் இல்லாத டிஎம்-கிரிப்ட், அல்லது ஹெட்டரைப் பிரித்து வைத்த லக்ஸ், உள்ளே இஎக்ஸ்டி4. கடவுச்சொல் இல்லாமலே இவ்வளவு தெரிந்தது எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. தம் தரவை மறைக்க விரும்புவோர், குறியாக்கம் செய்வதற்கு முன் டிஸ்க்கை ஏன் தற்செயல் எண்களால் நிரப்பச் சொல்கிறார்கள் என்பதும் இதில் விளங்கும்.

இரண்டில் எது என்பதற்கு விடை ஏற்கெனவே திறந்த வேர்ப் பகுதியில் கிடைத்தது. எந்த டிஸ்க்கை எப்படித் திறப்பது என்று கணினிக்குச் சொல்லும் கிரிப்ட்டேப் கோப்பில் இரண்டாவது வரி, டிஸ்க்கின் வரிசை எண் அடங்கிய பாதையுடன். யுயுஐடி எழுத அதில் வழியில்லை, ஹெட்டரே இல்லாததால். விருப்பங்கள் இருக்கும் இடத்தில் 'பிளெயின்' என்ற சொல் மட்டும்.

அந்த ஒரு சொல்லை வைத்து அப்படியே திறந்தேன். கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டது. பிழை இல்லை. உள்ளே பார்த்தால் வெறும் குப்பை. பிளெயின் முறையில் சரிபார்க்க எதுவும் சேமிக்கப்படுவதில்லை. எந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் ஒரு சாதனம் உருவாகும், அதிலிருந்து ஏதோ ஒன்று வாசிக்கப்படும். அண்ணன் முகம் வாடிவிட்டது. "இதற்கு வேறு கடவுச்சொல் வைத்தேனோ?" என்றார்.

கடவுச்சொல்லில் குற்றமில்லை. விருப்பம் எழுதாவிட்டால் அன்றைய இயல்பிருப்புகள்தான் பொருள். அவை ஏஇஎஸ், சிபிசி-எஸ்ஸிவ் முறை, 256 பிட் சாவி, கடவுச்சொல்லுக்கு ரைப்எம்டி160 ஹாஷ். 2024இல் வந்த கிரிப்ட்செட்டப் 2.7 பதிப்பு முதல் அவை ஏஇஎஸ் எக்ஸ்டிஎஸ், ஷா256 என்று மாறிவிட்டன. என்னிடம் இருந்தது புதியது. பழைய நான்கையும் வெளிப்படையாக எழுதி மறுபடி வாசிக்க மட்டுமாகத் திறந்தேன். இஎக்ஸ்டி4இன் அடையாளம் இருக்க வேண்டிய 1080ஆம் பைட்டைப் பார்த்தேன்: 53 ஈஎஃப். பிஎல்கேஐடியும் இஎக்ஸ்டி4 என்றது. இரண்டாவது டிஸ்க் வெளியேறிய மாதத்துக்குப் பிந்தைய பதிவுகளின் காப்புப் பிரதியும் அதில் இருந்தது.

இப்போது எல்லாம் புதிய டிஸ்க்குகளில் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன. லக்ஸ் ஹெட்டருக்குத் தனிப் பிரதி எடுத்து வைத்தேன். மூன்றாவதற்கு எடுக்க ஹெட்டர் கிடையாது. அண்ணன் மூன்று டிஸ்க்குகளின் மேலும் காகிதம் ஒட்டித் தன் கையெழுத்தில் எழுதினார். முதலாவதில்: 'ரெய்டு 1, மெட்டாடேட்டா 1.0, அதற்குள் லக்ஸ் 1, அதற்குள் எல்விஎம், அதற்குள் இஎக்ஸ்டி4.' இரண்டாவதில் அதையே எழுதி, கீழே 'பழைய நிலை, தனியாகத் திறக்கக்கூடாது' என்று கோடிட்டார். மூன்றாவதில் அந்த நான்கு விருப்பங்களும், 'முதல் செக்டரிலிருந்து' என்ற சொற்களும்.